ஒரு கிலோ சுண்ணம்

வெள்ளிக்கிழமை வந்தால் மூன்றாம் தெரு முழுக்கப் புளி வாசனை. வீட்டுக்கு வீடு குழாய்முனை, கெட்டில், ஷவர் தட்டு என்று வெள்ளை பூத்த சாமான்களையெல்லாம் கழற்றி, புளிக்கரைசலில் ஊறப்போட்டுத் தேய்த்து, உதிர்ந்த தூளை டப்பாவில் அடைத்து நீர்த்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். இதற்குப் படிவுநாள் என்று பெயர். வாங்கிய தூளை நீர்த்துறை என்ன செய்கிறது என்றால், திரும்ப அதே குழாய்த் தண்ணீரில் கலக்கிறது. இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் இதைக் கேட்டு செவ்வந்தி வயிறு வலிக்கச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. அவள் பிறந்து வளர்ந்த விண்வெளிச் சுழல்நிலையத்தில் தண்ணீர் தண்ணீராக இருந்தது. இங்கே துவரம்பருப்பு மூன்று மணி நேரம் கொதித்தாலும் முழித்துக்கொண்டு கிடக்கும். சோப்பு நுரைக்காது, திரியும். துவைத்த துணி அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும். தலைமுடி சீப்போடு வந்துவிடும். இத்தனைக்கும் வியாழனைச் சுற்றும் இந்த நிலாவில், காலடியில் நூறு கிலோமீட்டர் ஆழத்துக்குச் சுத்தமான பனி. உருக்கினால் உப்பே இல்லாத மென்னீர். அதை வைத்துக்கொண்டு வன்னீர் குடிக்கிற ஊரை என்னவென்று சொல்ல?

ஒரு வெள்ளிக்கிழமை டப்பா வாங்க வந்தவள் நீர்க்கண்காணிப்பாளர் மரியபுஷ்பம். செவ்வந்தியைவிட நாலு வயது சின்னவள், வந்தால் வாசலோடு போய்விடுகிறவள். அன்று உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"ஒக்காருங்கக்கா" என்றாள்.

தன் வீட்டில் தன்னையே உட்காரச் சொன்னதும் செவ்வந்திக்குப் பக்கென்றது. பிள்ளை அனுமதி இந்தச் சுற்றில் மூன்றாம் தெருவுக்கு வரவேண்டும். தெருவில் முதல் பெயர் அவளும் அவள் கணவன் கதிரேசனும்தான். தவறினால் இன்னும் ஆறு வருடம். அவளுக்கு இப்போதே முப்பத்தொன்பது.

"அனுமதி இல்லக்கா. தெருவுல சுண்ணம் பத்தல. தொள்ளாயிரம் கிராம் கொறையுது."

"நான் புள்ளைதானே கேட்டேன், சுவத்துக்கு வெள்ளையடிக்கவா கேட்டேன்?"

"புள்ளைக்கு எலும்பு வேணும்ல?" மரியபுஷ்பம் குழாய்முனையைக் காட்டினாள். "இங்க எடை கம்மி. அதனால நம்ம எலும்பு தெனமும் கொஞ்சம் கரையுது. கரைஞ்ச கால்சியம் ஒண்ணுக்குல போகுது. அத வடிகட்டித்தான் குழாய்ல விடுறோம். அழுக்க எடுப்போம், கால்சியத்த எடுக்க மாட்டோம். வேற எங்க கெடைக்கும்? பாறை அத்தன பனிக்கும் அடியில இருக்கு. செத்தவங்க எலும்பும் இந்தத் தண்ணியிலதான் கரையுது. திரும்பக் குடிக்கிறோம், திரும்ப ஏறுது. ஒரு ஆளு முழுசா வளர ஒரு கிலோ வேணும்க்கா. அது சேராம புது ஆளு வர முடியாது."

செவ்வந்தி குழாய்முனையைப் பார்த்தாள். இரண்டு வருடமாகத் திட்டிக்கொண்டே சுரண்டிய வெள்ளை வளையம். தெருவில் இருக்கிறவர்களும் இருந்தவர்களும் அந்த விரல்கடை அகலத்தில் படிந்திருந்தார்கள்.

"கொறையிறது உங்க வீட்டுலதான்" என்றாள் மரியபுஷ்பம், குரலைத் தாழ்த்தி. "தூளு ஒழுங்கா வருது. கரைசல் எங்கக்கா?"

"அந்தப் புளிச்ச தண்ணியா? நாறுதேன்னு கழிவுவாசல் வழியா வெளிய தள்ளிடுவேன்."

மரியபுஷ்பம் மெல்ல உட்கார்ந்தாள். "சுண்ணம் புளியில கரைஞ்சிரும்க்கா. தூளு வெறும் மிச்சம். சரக்கு பூரா அந்தத் தண்ணியிலதான்."

கரைசலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தை யார் வாய்விட்டுச் சொல்கிறார்கள்? கதிரேசனுக்கு வெள்ளிக்கிழமைகளில் சுரங்கத்தில் வேலை, அவன் கண்ணில் படவே இல்லை. செவ்வந்தி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெறப்போகும் பிள்ளையின் எலும்பைத் தன் கையாலேயே வாரம் ஒரு லிட்டராக வெளியே கொட்டியிருக்கிறாள்.

அழுது ஓயும்வரை மரியபுஷ்பம் எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். "வெளியன்னா எங்க?"

"வாசலுக்கு நேர் கீழ."

"அப்ப அங்கதான் இருக்கும். மைனஸ் நூத்தறுபது டிகிரியில அது எங்கக்கா போயிரும்?"

இருவரும் கவச உடை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினார்கள். அது அரை மணி நேரம்தான் கதிர்வீச்சைத் தாங்கும். செவ்வந்தி நிலாவின் மேல்தளத்தில் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. தலைக்கு மேலே வியாழன் காவியும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாகத் தொங்கியது. ஆனால் கழிவுவாசலுக்குக் கீழே திரும்பியபோது வியாழன் மறந்துபோயிற்று.

ஆறடி உயரத்துக்கு ஒரு தூண் நின்றது. கொட்டிய கணமே உறைந்து, வெள்ளிக்கு வெள்ளி ஒரு அடுக்காக வளர்ந்த தூண். வியாழனின் வெளிச்சம் பட்டு உள்ளே கருப்பட்டிப் பாகின் நிறம் எரிந்தது. ஒரு சொட்டுகூடச் சிந்தாமல், ஒருவரும் பார்க்காமல், அது பாட்டுக்கு நின்றிருக்கிறது. செவ்வந்திக்குக் கும்பிடத் தோன்றியது. கவசக் கையுறைகள் சரியாகச் சேரவில்லை என்றாலும் கும்பிட்டாள்.

மரியபுஷ்பம் அடுக்குகளைக் கீழிருந்து எண்ணி, நெஞ்சு உயரத்தில் ஓரிடத்தில் கை வைத்தாள். "எங்கப்பா போன தை மாசம் தவறினாரு. இதுக்கு மேல இருக்கிறதுல அவரும் கொஞ்சம் இருப்பாரு" என்று செவிக்கருவியில் அவள் குரல் கேட்டது. அதற்குப் பிறகு உளியை எடுக்க இருவருக்கும் மனம் வரவில்லை. அடியில் மட்டும் வெப்பக்கம்பியால் அறுத்து, தூணை முழுசாகவே தோளில் தூக்கி வந்தார்கள். எடை குறைந்த ஊராக இருந்ததும் ஒருநாள் உதவியது.

பனி உருக்கும் அறையில் தெருவே கூடிவிட்டது. ஒருவரும் செவ்வந்தியைக் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. மரியபுஷ்பம் அளவியைப் பார்த்து, "தொள்ளாயிரத்து முப்பது" என்றாள். கதிரேசன் சுரங்க உடையோடு ஓடிவந்து செவ்வந்தியின் கையைப் பிடித்தவன் விடவே இல்லை. அனுமதித் தகட்டில் மரியபுஷ்பம் விரலை ஊன்றினாள்.

"எங்கப்பா நல்ல உசரம்க்கா. புள்ளைக்கு அது வரட்டும்" என்றாள். "அவரு முட்டிவலி மட்டும் வேணாம். மாடிப்படியில ஒக்காந்து ஒக்காந்துதான் ஏறுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். செவ்வந்தியும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். போன தையிலிருந்து அவளும் அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறாள். கை தானாகக் கீழே போய், தன் முட்டியை மெதுவாகத் தடவிக் கொடுத்தது.