வாடாத துளசிக்கு வைத்தியம்

"யோவ்! எங்கம்மா உங்கிட்ட வாங்கின தொளசி செத்துகினு கீது!"

தொட்டியைத் தொம்மென்று வைத்தாள் அவள். பூந்தமல்லிப் பெருமாள் கோயிலடியில் செடி விற்கும் கங்காதரன் நிமிர்ந்தான். எப்பேர்ப்பட்ட பேரத்துக்கும் அசையாத ஆள்... அந்த ஈரக் கண்களைக் கண்டதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கத்திரி வெயில்தான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சாணி மெழுகி, காவிப் பட்டை தீட்டி, தொட்டி என்னவோ லட்சணமாகத்தான் இருந்தது. சாய்த்து அடியைப் பார்த்தான். அடித்துளையையும் சேர்த்தே மெழுகியிருந்தாள்!

"தொளைய அடைச்சுட்டு மூணு வேளையும் தண்ணி ஊத்தினியா? வெயில்ல வேரு வெந்துபூடும்மே! உம்பேரு இன்னா?"

"பூங்காவனம்."

"பொருத்தமாத்தான் வச்சாங்க..."

"சிரிக்காதய்யா! அக்கா பிரசவம் நல்லபடியா ஆவணும்னு நேர்ந்துகினு வச்சது. முத்தாபுதுப்பேட்டைல அக்காவாண்ட போன அம்மா சனிக்கெழம வருது. பட்டுப்போனா என்னை ஊட்டுல சேக்காது..."

ஆணியால் துளையைக் குத்திவிட்டான். சேற்றுத் தண்ணீர் வழிந்தது.

"விடியக்காலைல மட்டும் தண்ணி. உச்சி வெயிலுக்கு ஈரச் சாக்கு கட்டு. தெனம் ஒரு கொத்து கொண்ணாந்து காட்டு."

அது செவ்வாய். புதனன்று வந்த கொத்து துவண்டு கிடந்தது. வியாழனன்று வந்ததோ பச்சைப்பசேலென்று நிமிர்ந்து நின்றது. பிழைத்துவிட்டது! இனி இவள் எதற்கு வருவாள்...? அந்தப் பயத்தில் வாய் பொய்யை அளந்துவிட்டது.

"வாடல் இன்னும் போவல... நாளைக்கும் கொண்ணா."

அவள் முகம் சுருங்கியது. விடுவிடுவென்று போய்விட்டாள்.

அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. நாளை வெள்ளி. வெள்ளிக்கிழமை எவள் துளசி பறிப்பாள்? வரமாட்டாள். அநியாயமாக ஒரு பெண்ணை வாடவிட்டு அனுப்பியதுதான் மிச்சம்...

மறுநாள் மல்லிச் செடி கேட்டவருக்கு மருதாணியை எடுத்துக் கொடுத்தான். பட்டாளத்து லாரி கிளப்பிய புழுதி அடங்கியபோது, எதிரே அவள்!

"பூங்காவனம்... நான் சொன்னது பொய்ம்மே. செடி நேத்தே பொழச்சிடுச்சு. நீ வராம பூடுவியோன்னு..."

"எனக்கு இன்னா, கண்ணு அவிஞ்சா பூடுச்சு? புதுத் துளிரே உட்டுகினு கீது."

"அப்ப நேத்து ஏன் மூஞ்சி வாடுச்சு?"

"விடிஞ்சா வெள்ளி... பறிக்கக் கூடாதே."

அவள் கைகளைப் பார்த்தான். வெறுங்கைகள். வளையலைத் திருகிக்கொண்டிருந்தன.

"அப்ப இன்னாத்துக்கு வந்த...?"

"கொத்து இருந்தாத்தான் வரணுமா?"

இரண்டடி போனவள் திரும்பினாள்.

"நாளைக்கு அம்மா வருது. பேரம் பேசத் தெரியுமில்ல...? ஊட்டுக்கு வந்து பேசு."