பவளக்கொடிக்கு ஒரு தொடர் எண்

செவ்வாயின் மூன்றாம் குவிமாடத்தில் அன்று காலையும் பராமரிப்பு ரோபோ வந்து, எதிர்வீட்டுக் கருக்கலத்தின் முன்னால் பணிவாக நின்று, "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டது. கருக்கலம் என்பது பிள்ளையைச் சுமந்து பெற்றுத் தரும் இயந்திரம். பெற்றபின் நாற்பத்திரண்டு நாள் அதைத் தினமும் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். "லேசாகக் கசிகிறது" என்று அது சொன்னால் போதும், நான்கே நிமிடத்தில் சரிசெய்ய ஆள் வந்துவிடும்.

இந்த வீட்டில் பவளக்கொடிக்கும் பிள்ளை பிறந்து ஒன்பது நாள். கருக்கலத்துக்காக வரிசையில் காத்திருக்க மாமியார் சௌந்தரவல்லிக்குப் பொறுமை இல்லை. அதனால் பழைய முறைப்படி வயிற்றிலேயே சுமந்து பெற்றாள், பாவம். பெற்ற நாளிலிருந்து அடிவயிற்றில் வலி. இரண்டு நாளாக உதிரம் கட்டி கட்டியாகப் போனது. பார்க்க வந்தவர்களோ குழந்தையின் மூக்கு யார் ஜாடை என்று பேசிவிட்டுப் போனார்கள்.

"அத்தை, மணிக்கு ரெண்டு துணி நனையுது. கண்ணை இருட்டிக்கிட்டு வருது. டாக்டரைக் கூப்பிடுங்களேன்."

"கெட்ட ரத்தம்டி, போனாத்தான் நல்லது. தண்ணியக் குடிச்சுக் குடிச்சு வயித்தைப் பெருக்கிக்காதே. யாரும் பெக்காத புள்ளையவா பெத்துட்டே?"

கணவன் இளவழுதி, "அம்மாவுக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

பவளக்கொடி பராமரிப்பு நிலையத்தை அழைத்தாள். "நாப்பத்தாறாம் வீடு. புள்ள பெத்து ஒம்பது நாள். கசியுது."

நான்காவது நிமிடம் ரோபோ வந்தது. "இயந்திரம் எங்கே?"

"நான்தான்."

ரோபோ படுக்கை விரிப்பைப் பார்த்தது. "மனிதர் என்றால் வீட்டாரின் சம்மதம் வேண்டும். இயந்திரம் என்றால் வேண்டாம். எப்படிப் பதிந்துகொள்ளட்டும்?"

"மெஷின்னே எழுதிக்கப்பா. சீக்கிரம்."

மணிக்கட்டில் தொடர் எண் ஏறியது. கருப்பையில் தங்கியிருந்த நஞ்சுக்கொடித் துண்டை எடுத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள். மறுநாள் காலை ரோபோ வந்து, "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று அவளைக் கேட்டது.

இருபதாம் நாள் ஓர் அறிவிப்பு வந்தது: கசிந்த கலத்தில் மூன்றாண்டுக்குக் கரு வைக்கக் கூடாது.

பிறந்திருந்தது பெண் குழந்தை. சௌந்தரவல்லி பதிவு அலுவலகத்துக்கு ஓடினாள்.

"எங்க மருமகளைத் தப்பா மெஷின்னு எழுதிட்டாங்க சார். அவ மனுஷிங்க. மாத்திக் குடுங்க, வர்ற வருசத்துக்குள்ள ஒரு ஆம்பளப் புள்ளையப் பாத்துடணும்."

"மனுஷிதான்னு சொல்ல என்னம்மா ஆதாரம்?"

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? வலிக்குது வலிக்குதுன்னு ஒம்பது நாளும் அழுதாளே! பக்கத்து ரூம்ல படுத்துக்கிட்டு என் காதாலயே கேட்டேன். மெஷின் அழுமா?"

அலுவலருக்கு நியாயமாகத்தான் பட்டது. பவளக்கொடி மனுஷியே என்று முத்திரை குத்திக் கொடுத்தார்.