காலில் கிடத்திய பிள்ளை

ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து, பிறந்து சில நாளே ஆன பெண்பிள்ளையோடு குமுதா வீடு வந்து சேர்ந்தபோது கோப்பெங்கில் வெயில் சாய்ந்திருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. கணவன் தர்மா பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏற, அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறினாள். அணை கட்ட எடுத்துக்கொண்ட தோட்டத்துக்குப் பதிலாகக் கிடைத்த வீடு அது. தோட்டத்து லயத்து வீடுகளில் ஒரே சுவரைப் பங்கு போட்டவர்கள் இப்போது தாப்பாவில் பாதி, தைப்பிங்கில் பாதி.

குழாயைத் திறந்தாள். தண்ணீரில் புளித்த ரப்பர்ப் பால் வாசம் அடித்தது. மரங்களை வெட்டாமலே தோட்டத்தை மூழ்கடித்துவிட்டார்கள். அவை அடியில் அழுகிக்கொண்டிருந்தன.

எதிர்வீட்டு மாரியம்மா பிள்ளையை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"கொடுத்து வச்சவ லா நீ. ஒங்க தோட்டத்துத் தண்ணியே பைப்புல தேடி வருது."

குமுதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தலைச்சன் பிள்ளை அந்தத் தோட்டத்தில்தான் கிடந்தது. பேர் வைக்குமுன் போய்விட்ட ஆண்பிள்ளை. பால்மரத்தடியில் புதைத்தார்கள், சடங்கில்லை, கல்லில்லை. அணை வேலைக்காரர்கள் கல்லறைகளை மாற்ற வந்தபோது முனியாண்டி சாமியைக்கூட லாரியில் ஏற்றினார்கள். உங்கள் ஆள் யாராவது உண்டா என்று கேட்டதற்குத் தர்மா இல்லையென்று தலையாட்டினான். பேரில்லாததை யாரென்று சொல்வது? பக்கத்தில் நின்ற குமுதாவும் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை. இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும், அவ்வளவுதான்.

குளியலறையில் பலகை போட்டு உட்கார்ந்து, காலை நீட்டி, இரண்டு காலுக்கும் நடுவே பிள்ளையைக் குப்புறக் கிடத்தினாள். வெந்நீர் கலந்து ஊற்றினாள். பிள்ளை அழவில்லை.

வாசம் கூடியது.

குழாய்க்குள் எதுவோ விக்கியது.

பிள்ளையைத் துவட்டித் தூக்கி, வாசலில் நின்ற தர்மாவிடம் நீட்டினாள்.

காலில் பாரம் குறையவில்லை.

குனிந்து பார்த்தாள். வெறும் கால்தான். ஆனால் கணுக்காலில் சில்லென்று ஒரு சின்ன நெற்றி அழுந்தியிருந்தது. பயப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது. பயம் வரவில்லை.

"எந்திரி. ஈரத்துல உக்காந்தா சளி புடிக்கும்," என்றான் தர்மா.

"இன்னொரு துண்டு எடுத்துட்டு வாங்க."

"எதுக்கு? அதான் தொவட்டியாச்சே."

"கால மடக்குனா விழுந்துரும்."

அவள் ஒரு குவளை மொண்டு மெதுவாக ஊற்றினாள். கால்களுக்கு நடுவே இறங்க வேண்டிய தண்ணீர், பாதியில் எதிலோ பட்டுப் பிரிந்து, இரண்டு பக்கமும் வழிந்தது.

தர்மா பார்த்துக்கொண்டே நின்றான்.

பிறகு உள்ளே போய் இன்னொரு துண்டோடு வந்தான். பெண்பிள்ளையை ஒரு கையில் அணைத்தபடி, மற்றக் கையில் துண்டை விரித்து, மனைவியின் கால் பக்கமாக நீட்டினான்.

துண்டு நனைந்தது. மெல்லக் கனத்தது.