ஆறாவது நிகழ்ச்சிக்கான மணி

2019 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. வடகேரளத்தில், பய்யன்னூருக்குத் தெற்கே ஒரு கிராம வாசகசாலையின் மேல்மாடியில், மாலை ஐந்து மணிக்கு, உள்ளூர்க் கலைஞர்களின் பரிசோதனை நிகழ்த்துகலை நிகழ்ச்சிகள் தொடங்கின. மொத்தம் எட்டு. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். பதிவேட்டில் இருபத்தேழு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள்.

நேரம் முடிந்ததும் மணி அடித்து நிகழ்ச்சியை நிறுத்தும் பொறுப்பை வாசகசாலைச் செயலாளர் பவித்ரன் மாஷ் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்; பள்ளிக் கலைவிழாக்களில் இருபத்திரண்டு ஆண்டுகள் நடுவராக இருந்தவர். யாரும் கேட்காவிட்டாலும் மதிப்பெண் போடுவார். முன்வரிசை ஓரத்தில், சின்ன மேசையில் பித்தளை மணியை வைத்துக்கொண்டு, தாளில் எழுதிக்கொண்டே வந்தார். வெள்ளரிக்காயில் டெலிபோன் பேசியவனுக்குப் பத்துக்கு இரண்டு. பழைய பத்திரிகையைக் கிழித்து மென்று, மேலெல்லாம் வழியவிட்டவளுக்கு ஒன்றரை.

"இந்த எச்சியத் துடைக்க யாரு வருவா? உங்க வீட்லேருந்து ஆள் கூட்டிட்டு வந்திருக்கியா?" என்று கேட்டு ஒரு சிரிப்பையும் வாங்கியிருந்தார்.

சென்ற ஆண்டு ஒருவன் மயங்கி விழுந்ததுபோல் நடித்துக் கிடந்தபோது, டீக்கடை வத்சலன் ஓடிப்போய் அவன் முகத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டார். ஊர் ஒரு வாரத்தில் மறந்தது. மாஷ் மறக்கவில்லை, அந்தக் கடையிலேயே உட்கார்ந்து, அந்த டீயையே குடித்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தார். இன்றைக்கும் தொடக்கத்தில் எழுந்து நின்று அறிவித்தார்: "யாரு செத்து விழுந்தாலும் அது கலைதான். நான் மணி அடிக்கற வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது. வத்சலா, உனக்குத்தான் சொல்றேன். பாட்டிலக் கீழ வை."

"வெச்சாச்சு மாஷே," என்றார் அவருக்கு நேர்பின்னால் இருந்த வத்சலன். தலை குனிந்திருந்தது.

ஆறாவது, நிஷிதா என்ற மெலிந்த பெண். நிகழ்ச்சிக்குத் தலைப்பு இல்லை. ஒரு நாற்காலியை இழுத்துவந்து மாஷுக்கு எதிரே ஆறடியில் போட்டு உட்கார்ந்தாள். வெள்ளைத் துண்டால் கண்களை இறுகக் கட்டிக்கொண்டாள். பிறகு கையில் இல்லாத ஒரு பேனாவால் வலது காதைச் சொறிந்தாள்.

சிரிப்பு எழுந்தது. அது மாஷின் பழக்கம்.

ஓட்டின் மேல் மழை சீராக விழுந்துகொண்டிருந்தது. மூலையில் சாத்தியிருந்த குடைகளிலிருந்து வழிந்த தண்ணீரின் வாடையும், அலமாரிகளிலிருந்து பாச்சை உருண்டையின் காட்டமும் கலந்து வந்தன. பாதி எரியும் ட்யூப்லைட் ரீங்கரிக்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் நிழல் சுவரில் ஒரு முறை தடித்து மெலிந்தது, தடிக்கும்போது அது தோள் சரிந்த, வயிறு தள்ளிய ஒரு கிழவனின் நிழலாக இருந்தது.

மிமிக்ரி, என்று நினைத்தார் மாஷ். கோயில் திருவிழாவில் காசு கொடுக்காமலே பார்க்கலாம். மூன்று என்று எழுதினார். எழுதும்போது காது அரித்தது. சொறிந்துகொண்டார்.

மறுபடி சிரிப்பு. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் முதலில். அவர் பிறகு.

கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் பாவனை செய்தாள். அவருடைய கண்ணாடியில் மங்கல் படர்ந்தது; துடைக்காமல் பார்க்க முடியவில்லை. இவளை மாட்டிவிட வேண்டும் என்று, வாழ்நாளில் செய்யாத ஒன்றாக, பேனாவை இடது கைக்கு மாற்ற முடிவு செய்து நிமிர்ந்தார். அவளது இடது கையின் விரல்கள் ஏற்கெனவே பேனா பிடித்தபடி குவிந்திருந்தன.

துண்டு கண்களை மறைத்துத்தான் இருந்தது. மூக்கின் மேலும் இடைவெளி இல்லை.

"சூப்பர், மாஷும் அவளும் சேர்ந்து பண்றாங்க," என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

அவள் நெற்றியைத் துடைத்தாள். அவருக்கு வியர்த்தது. பின்கழுத்திலிருந்து முதுகுத்தண்டு வழியாக இறங்கும் குளிர்ந்த வியர்வை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு நிமிடம்தான் ஆகியிருந்தது. போதும். மணியை அடித்தால் இது முடிந்துவிடும். மணி அவர் கையருகே இருந்தது.

அவள் வலது கையை உயர்த்தினாள். முன்னால் நீட்டினாள். ஒரு சாண் தூரத்தில், காற்றில், கை நின்றது. பிறகு கை மடியில் விழுந்தது, தனக்குச் சம்பந்தமில்லாத பொருள்போல.

வேண்டாம், என்று நினைத்தார் மாஷ். கையை நீட்டினார்.

ஒரு சாண். அதற்கு மேல் போகவில்லை.

கை விழுந்தது.

மழை கேட்டது. ட்யூப்லைட் கேட்டது. வலது கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கத்த வேண்டும். வாய் திறந்தது. அவள் வாய் முன்பே திறந்திருந்தது. இரண்டிலிருந்தும் சத்தம் வரவில்லை.

"மாஷே?"

கழுத்தருகே வத்சலனின் மூச்சு. இஞ்சி டீ வாசம். பாட்டில் மூடி திருகித் திறக்கும் ஒலி.

ஊற்று. ஊற்றடா.

நீண்ட நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மூடி திரும்பவும் இறுகியது.

"இந்தத் தடவை நான் ஏமாற மாட்டேன் மாஷே," என்றார் வத்சலன் மெல்ல. பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

அவள் தலை இடது தோளில் சரிந்தது. உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அவருடையதும்.

அவள் துண்டை அவிழ்த்தாள். எழுந்தாள். அவரைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, நாற்காலியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. நூலகர் சுமிஜா மேசையருகே வந்து குனிந்து பார்த்தாள். "மாஷ் இன்னும் நடிப்ப விடல பாருங்க. கண்ணுகூட இமைக்கல. இவ்வளவு நாள் எங்கே வெச்சிருந்தீங்க இத?"

எல்லோரும் சிரித்தார்கள். எல்லாம் அவருக்குக் கேட்டது. வாயோரத்தில் எச்சில் வழிந்து மதிப்பெண் தாளில், மூன்று என்ற எண்ணின் மேல், சொட்டிக்கொண்டிருந்தது.

ஏழாவது நிகழ்ச்சி ஆறு இருபதுக்குத் தொடங்கியது. மணி அடிக்கப்படாததால் அது நாற்பது நிமிடம் நடந்தது.