நேர்ந்துவிட்ட சேவல்

துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு கால்கள் மட்டும் கிடந்தன. கோழிக்குஞ்சின் கால்கள். தீக்குச்சி கனத்தில், மஞ்சளாக, விரல்கள் விரிந்தபடி முழுசாக இருந்தன. அவற்றுக்கு மேலே உடம்பு இல்லை, தலை இல்லை, ஒரு தூவிகூட இல்லை.

ஒச்சாயி குனிந்து பார்த்தாள். கோழி வளர்க்கிறவளுக்குச் சாவு புதிதில்லை. பருந்து தூக்கினால் ஒன்றும் மிஞ்சாது. கீரி பிடித்தால் கழுத்தைக் கடித்து ரத்தத்தைக் குடித்துவிட்டு உடம்பைப் போட்டுப் போகும். பூனை தின்றால் வேலியோரமெல்லாம் இறகு பறக்கும். ஒவ்வொரு திருடனுக்கும் ஒரு தடம் உண்டு, முப்பது வருஷமாக அந்தத் தடங்களைப் பார்த்தே பழகியவள் அவள். காலை மட்டும் இப்படிச் சுத்தமாக விட்டுவிட்டுப் போகிற திருடன் இதுவரை அவள் வீட்டுக்கு வந்ததில்லை.

தேங்காய்ச் சிரட்டையில் அள்ளிச் சுவருக்கு அந்தப்பக்கம் எறிந்தாள். கையால் தொடவே இல்லை, ஆனாலும் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

ஒத்தக்கடையில் புதிதாகப் பிளாட் போட்ட இடத்தில் கடைசி வீடு அவர்களுடையது. பின்னால் சீமைக்கருவேலங்காடு. அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. கூட்டுக்குள் நனைந்த உமியும் எச்சமும் சேர்ந்து புளித்து, அந்த வாடை பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்து, அங்கே ஏற்கெனவே இருந்த இன்னொரு வாடையோடு கலந்து நின்றது. அந்த இன்னொரு வாடை அவள் புருஷன் நல்லகாமனின் காலிலிருந்து வந்தது.

முப்பது வருஷம் லாரி ஓட்டிய கால். சர்க்கரை வந்து உணர்ச்சி செத்துப்போய், ஆணி குத்தியதுகூடத் தெரியாமல் இரண்டு நாள் நடந்திருக்கிறார் மனுஷன். ஆவணியில் இடது கால் பெருவிரலை எடுத்தார்கள். விரல் இருந்த இடத்தில் பிடித்த புண் பாதத்தின் பாதியைத் தின்றுவிட்டது. "இதுக்கு மேல ஏறுச்சுன்னா முழங்காலோட எடுக்கணும்மா, ஜாக்கிரதை" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சத்துக்குத் தினம் இரண்டு முட்டை கொடுக்கச் சொன்னார். அதற்காகவே ஒச்சாயி கோழிகளைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினாள். ஆறு பெட்டை, ஒரு சேவல், அதில் ஒரு தாய்க்கோழியின் பின்னால் ஒன்பது குஞ்சுகள்.

அந்தச் சேவல் சாமிக்கு நேர்ந்துவிட்டது. ஐப்பசி அமாவாசையன்று, கட்டைப் பிரித்து வைத்திருந்த காலைச் சுற்றி மூன்று முறை சேவலைக் காட்டி, "கருப்பா, இந்தக் கால விட்டுரு. மாசிப் பச்சைத் திருவிழாவுக்கு இந்த உசுர உன் வாசல்ல குடுத்துர்றேன்" என்று வேண்டிக்கொண்டாள். சேவலின் காலில் மஞ்சள் துணியில் காசு முடிந்து கட்டித் தரையில் விட்டுத் தண்ணீர் தெளித்தாள். சாமி சம்மதித்தால் சேவல் உடம்பைச் சிலிர்க்க வேண்டும். அது சிலிர்க்கவில்லை. கழுத்தை நீட்டி, புண்ணின் ஓரத்தில் வெளுத்துத் தொங்கிய தோலை ஒரு கொத்துக் கொத்தி முழுங்கியது.

நல்லகாமன் சிரித்தார். "எனக்கு ஒண்ணுமே தெரியல புள்ள."

ஒச்சாயிக்கு மேலெல்லாம் புல்லரித்துப்போனது. "நோவக் கொத்தி எடுத்துக்கிட்டான்யா கருப்பன்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அவள் பிறந்த வீட்டு வழக்கம், சாமிக்கு விட்ட சேவல்மேல் கையோங்கக் கூடாது, பஞ்சாரக் கூடை போட்டுக் கவிழ்க்கக் கூடாது, குறித்த நாள் வரும்வரை அறுக்கவே கூடாது. அது போகிற இடத்துக்குப் போகும், தின்கிறதைத் தின்னும். அன்றிலிருந்து சேவலும் வீட்டு மருமகன் மாதிரி அடுப்படிவரை வந்துபோனது. பின்பக்கக் குழியில் அவள் போடும் ரணத்துணியையும் பஞ்சையும் கிளறி, சீழ் காய்ந்த நூலை இழுத்து இழுத்து விழுங்கியது. பெட்டைகளும் பக்கத்தில் நின்று பார்த்தன. ஒச்சாயி விரட்ட வாயெடுப்பாள். இருந்தாலும் சாமி காரியத்தில் முகம் சுளிக்கலாமா என்று திரும்பிக்கொள்வாள்.

குஞ்சுகள் ஒன்பது ஏழானது, ஏழு நாலானது. ஒவ்வொரு தடவையும் ஜோடிக் கால்கள் மட்டும் மிச்சம். முட்டையும் பாதி நாள் இல்லை. ஓடுகூடக் கிடைக்கவில்லை, வைக்கோலில் ஈரம் மட்டும் பிசுபிசுத்தது. கீரிக்குப் பொறி வைத்தாள். பொறிக்குள் வைத்த கருவாடு கருவாடாகவே இருந்தது.

ஒருநாள் காலையில் சாம்பல் நிறப் பெட்டை முற்றத்தில் நடந்துகொண்டிருந்தது. நடையில் ஏதோ கோணல். அதன் பின்னால் சேவலும், சேவலுக்குப் பின்னால் மற்ற பெட்டைகளும் வரிசையாக, சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. ஒச்சாயி அரிசிக் குருணையை வீசினாள். ஒன்றுகூடத் திரும்பவில்லை. சாம்பல் பெட்டை திரும்பியபோதுதான் அதன் பின்பக்கம் தெரிந்தது. வாலுக்குக் கீழே ஒரு கை போகிற அளவுக்குக் குழி. உள்ளிருந்து குடல் ஒரு சாண் நீளம் மண்ணில் இழுபட, அந்தக் கோழி அப்போதும் தரையைக் கொத்தி இரை தேடிக்கொண்டிருந்தது. சேவல் எட்டிக் குடலின் நுனியைப் பிடித்து இழுத்தது.

ஒச்சாயி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வாந்தியெடுத்தாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு நாகமணி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறவள், எதையும் பட்டென்று பேசிவிடுவாள். "ஏக்கா, முட்ட குடிச்ச கோழியவே அன்னைக்கே கொழம்பு வச்சுருவீங்க. இந்தச் சேவல ஏன் இன்னும் வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கீங்க? அறுத்துப் போடுங்க."

"அது நம்ம கோழி இல்ல நாகமணி. சாமி கோழி. அறுத்தா அவுக காலு போயிரும்."

"சாமி கோழின்னா சாமிகிட்டப் போயி இருக்கச் சொல்லுங்க. நாத்தம் எங்க வீட்டுக்குள்ள வருது."

நாகமணி சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒச்சாயி சாம்பல் பெட்டையைக் குழிதோண்டிப் புதைத்தாள். மறுநாள் குழி கிளறிக் கிடந்தது. அதற்குப் பிறகு அந்தக் கோழிகள் இட்டதில் தப்பிய ஒன்றிரண்டு முட்டையையும் அவளால் உடைக்க முடியவில்லை. மஞ்சள்கருவைப் பார்த்தாலே குழி ஞாபகம் வந்தது. கடையில் வெள்ளை முட்டை வாங்கி அவித்துக் கொடுத்தாள்.

ஆனால் புண் தேறிக்கொண்டு வந்தது. அதுதான் ஆச்சரியம். திங்கட்கிழமை ஆட்டோவில் கிளினிக்குக்குக் கூட்டிப் போனபோது, கட்டைப் பிரித்த நர்ஸ் புருவத்தை உயர்த்தினாள்.

"கருப்பாக் கெடந்த செத்த தசையெல்லாம் போயிருச்சே! யாரும்மா இம்புட்டுச் சுத்தமா எடுத்தது?"

"நான் எடுக்கலையேம்மா. மருந்து வச்சுக் கட்டுறதோட சரி."

"யாரு எடுத்தாலும் நல்லா எடுத்திருக்காங்க" என்றாள் நர்ஸ்.

ஒச்சாயி மனசுக்குள் கருப்பனைக் கும்பிட்டாள். வீடு திரும்புகிற வழியெல்லாம் அழுதாள். சந்தோஷ அழுகை. காலையில் பார்க்கும்போது கட்டு தளர்ந்து கிடப்பதும், ஓரங்களில் நூல் பிரிந்திருப்பதும் அவள் கண்ணில் பட்டிருந்தன. தூக்கத்தில் காலை உரசியிருப்பார் என்று விட்டுவிட்டாள். நம்ப ஆசைப்படுகிற மனசு எதைத்தான் நம்பாது?

வியாழக்கிழமை காலை கட்டைப் பிரித்தாள். புண் சிவப்பாக, ஈரமாக, பளபளவென்று இருந்தது. நேற்று இருந்ததைவிட ஆழம். நடுவில் எதுவோ வெள்ளையாகத் தெரிந்தது, எலும்பாக இருக்கலாம் என்று தோன்றியதும் பார்வையை நகர்த்தினாள். ஓரத்தில் சதையோடு ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன இறகு இருந்தது. தூவி. சேவலின் கருஞ்சிவப்பு நிறம்.

இடுக்கியால் எடுத்தாள். அது வரும்போது கூடவே ஒரு நூல் சளி நீண்டு வந்து அறுந்தது.

"என்ன புள்ள, அப்படிப் பாக்குற?" என்றார் நல்லகாமன்.

"ஒண்ணுமில்லங்க. தூசி."

அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். எத்தனை நாளாக? அவர் மத்தியானம் தூங்கும்போது, இவள் தண்ணீர் பிடிக்கப் போகும்போது, பின்வாசல் திறந்து கிடக்க, அது கட்டிலில் ஏறி நின்று... அவளுக்கு முழுசாக நினைக்கத் தைரியம் வரவில்லை. தன் கையால் குழியில் போட்டு ருசி காட்டியவள் தான்தான் என்பது மட்டும் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

வழக்கத்தை மீறினாள். சேவலைப் பிடித்து, "மன்னிச்சுக்கப்பா" என்று முனகிக்கொண்டே பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்து, மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள். சேவல் கத்தவில்லை. பிரம்பு இடுக்கு வழியாக ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தது. மாசிவரை காத்திருக்க முடியாது. கொழுந்தன் மலையாண்டி தல்லாகுளத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கிறான். அவனைக் கூப்பிட்டு வந்து, இன்றைக்கே அழகர்கோவில் கருப்பன் வாசலில் சேவலைக் கொடுத்துவிட்டு, அப்படியே இவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும்.

"கரண்ட் இல்ல, புழுங்குது. பின்கதவத் தெறந்து வச்சுட்டுப் போ" என்றார் நல்லகாமன்.

சேவல்தான் அடைபட்டுவிட்டதே. திறந்து வைத்துவிட்டுப் போனாள்.

பஸ்ஸில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மலையாண்டி விஷயத்தைக் கேட்டு முகத்தைச் சுளித்தான். "என்ன அண்ணி, கேக்கவே அசிங்கமா இருக்கு. நீங்க முன்னால போங்க, நாலு மணிக்குப் பெர்மிஷன் போட்டுட்டு வண்டியோட வாரேன்." அதைக் கேட்டபிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

திரும்பி இறங்கும்போது மணி மூன்றரை. மேகம் கவிந்து தெரு சாம்பல் பூத்துக் கிடந்தது. தூறல். நாகமணி வீடு பூட்டியிருந்தது. ஒச்சாயி நேராகப் பின்பக்கம் ஓடினாள்.

பஞ்சாரம் இருந்தது. குழவி இருந்தது. உள்ளே சேவல் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தது.

அப்பாடா என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் முற்றம் காலியாக இருப்பது உறைத்தது.

கூட்டில் எட்டிப் பார்த்தாள். இல்லை. வேப்பமரத்தடி. இல்லை. குழி. இல்லை. மழைக்கு எங்காவது ஒதுங்கியிருக்கும். பின்வாசல் படியில் ஈரக் கால்தடங்கள். மூன்று விரல், மூன்று விரல், மூன்று விரல். எல்லாம் உள்ளே போகிற தடம்.

ஒரு சத்தம் வந்தது. க்ளக். க்ளக். க்ளக். அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். இரை கிடைத்தால் தாய்க்கோழி குஞ்சுகளைக் கூப்பிடும் சத்தம்.

"ஏங்க?"

"வந்துட்டியா?" நல்லகாமனின் குரலில் உற்சாகம். "வெரசா வா ஒச்சாயி, ஒரு சந்தோஷமான சேதி."

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே இருட்டு. டிரான்சிஸ்டர் மெதுவாக இரைந்துகொண்டிருந்தது. ரத்தக் கவிச்சி. கோழி எச்ச வாடை. கண் பழக நேரம் பிடித்தது. பழகாமலே இருந்திருக்கலாம்.

தலையணையில் சாய்ந்து, விட்டத்தைப் பார்த்தபடி அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இடுப்பு வரைக்கும் போர்வை. போர்வைக்குக் கீழே முழங்கால். அதற்குக் கீழே கோழிகள்.

ஐந்தும் இருந்தன. சண்டையில்லை. தள்ளுமுள்ளு இல்லை. கல்யாணப் பந்தி மாதிரி அதனதன் இடத்தில் நின்று, குனிந்து நிமிர்ந்து, குனிந்து நிமிர்ந்து. ஒவ்வொரு நிமிர்வுக்கும் எதுவோ நீண்டு வந்து அறுந்தது. கட்டுத்துணி தரையில் கிடந்தது. பாதம் இருந்த இடத்தில் பாதத்தைத் தேடினாள்.

"காலு குறுகுறுங்குது புள்ள" என்றார் நல்லகாமன். கண்ணோரம் நீர் வழிந்தது. "நெசமாத்தான் சொல்றேன். முழங்காலுக்குக் கீழ லேசா குறுகுறுன்னு இருக்கு. உணர்ச்சி வருது. காலு பொழச்சுருச்சு ஒச்சாயி."

ஒச்சாயி நிலையை விட்டு ஓரடி எடுத்து வைத்தாள்.

கட்டிலின் விளிம்பில் நின்ற தாய்க்கோழி தலையைத் தூக்கி ஒச்சாயியைப் பார்த்தது. அலகு கண்வரைக்கும் சிவப்பு. பிறகு குனிந்தது. ஒரு துண்டைக் கிழித்து எடுத்தது, அதைத் தரையில் போட்டது, க்ளக் க்ளக் என்று கூப்பிட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து நாலு குஞ்சுகளும் ஓடி வந்தன.