மதினியின் கழுத்து

ஆடி நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்குக் குற்றாலம் ஐந்தருவி ரோட்டு வீட்டில் இருந்தவர்கள்:

டாக்டர் விஜய்பாண்டி. வாய், தொண்டை, கழுத்து ஆகிய இடங்களில் வரும் கட்டிகளை அறுத்தெடுப்பதில் மதுரையில் பேர் வாங்கியவர். வீட்டுக்குச் சொந்தக்காரர்.

அவர் மனைவி டாக்டர் சத்யபிரியா. அறுத்தது போக மிஞ்சியதைக் கதிர்வீச்சால் சுடுகிறவள்.

நண்பர் டாக்டர் சாம். அதற்கும் மிஞ்சியதை மருந்து ஏற்றிக் கொல்கிறவர்.

டாக்டர் உமா மகேஸ்வரி. வெட்டி வந்த துண்டைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்து அதற்குப் பெயர் சொல்கிறவள்.

விஜய்பாண்டியின் அண்ணன் ஆறுமுகநயினார். எதையும் பார்க்காதவர்.

கார் ஓட்டும் துல்கர்னைன்.

இத்தனை பேருக்கும் இட்லி அவித்துக்கொண்டிருந்த முருகம்மாள். ஆறுமுகநயினாரின் மனைவி. கழுத்தில் கட்டி உள்ளவள்.

நான்கு புற்றுநோய் டாக்டர்கள் ஒரே கூரைக்கு அடியில் கிடைப்பது லேசான காரியமில்லை. மற்றவர்கள் மதுரைக்குப் பஸ் ஏறி, டோக்கன் வாங்கி, பகலெல்லாம் காத்துக் கிடந்துதான் ஒருவரைப் பார்க்க முடியும். முருகம்மாளுக்கு வெள்ளிக்கிழமை முதல் வேளாவேளைக்கு நான்கு பேரும் கிடைத்தார்கள். குனிந்து பரிமாறினாள், நிமிர்ந்து தண்ணீர் ஊற்றினாள். கழுத்தின் வலது பக்கம் பெரிய நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. எச்சில் விழுங்கும்போதெல்லாம் அது ஏறி இறங்கும். ஒருவர் கண்ணிலும் படவில்லை. அவர்கள் கண் போனில் இருந்தது. சாம் யாரோ ஒரு நோயாளியின் தாடைக் கட்டியைத் திரையில் விரலால் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டினார். மற்ற மூவரும் சட்னிக் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு எட்டிப் பார்த்தார்கள். நல்ல கேஸ் என்று உமா மகேஸ்வரி மெச்சிக்கொண்டாள்.

அந்த வீட்டில் நோயைப் பற்றிப் பேசக்கூடாது என்று ஒரு சட்டம் உண்டு. நான்கு வருஷத்துக்கு முன் வீடு பால் காய்ச்சிய அன்று ராயகிரியிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர், பந்தியிலேயே ஸ்கேன் படத்தை விரித்துவிட்டார். அன்று சத்யபிரியா போட்ட சட்டம். சீசனுக்கு ஓய்வெடுக்க வருகிறோம், இங்கே யாரும் வியாதியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டாம். சட்டம் சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான். டாக்டர்கள் காலை முதல் ராத்திரி வரை கட்டியைத் தவிர வேறெதையும் பேசியதில்லை.

ஆறுமுகநயினார் அந்தச் சட்டத்தைச் சாமி உத்தரவுபோல் தலையில் வைத்துக்கொண்டார். டாக்டருக்கு அண்ணன் என்பதைத் தவிர அவருக்கு வேறு உத்தியோகம் கிடையாது. சொந்த ஊரான வீரகேரளம்புதூர் டீக்கடையில் அந்த ஒரு பெருமையை வைத்தே இருபது வருஷம் ஓட்டிவிட்டார். பெண்டாட்டிக்குக் கழுத்தில் புற்று என்று தெரிந்ததும் தம்பி வரட்டும் என்றார். தம்பி வந்ததும், லீவில் வந்த பிள்ளையிடம் இதையெல்லாம் பேசப்படாது, அவனாகப் பார்த்துக் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

முருகம்மாளும் அவனாகப் பார்ப்பான் என்றுதான் நினைத்தாள். அதற்குக் காரணம் இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன், அவளுக்கு இருபத்தொரு வயதில், பாளையங்கோட்டையில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. அதே மாசம் மாமியாரின் வாய்ப் புண்ணைப் புற்று என்று சொல்லிவிட்டார்கள். விஜய்பாண்டி அப்போது பிளஸ் டூ. பிள்ளை படிப்பு கெட்டுவிடும், நீ ஒரு வருஷம் பொறு என்றார் புருஷன். ஒரு வருஷம் மூன்று வருஷமானது. கன்னம் ஓட்டையாகி, ஊற்றிய கஞ்சி கழுத்து வழியாக வடிந்தது. புண்ணில் புழு வைத்தபோது இடுக்கியால் எடுத்தவள் முருகம்மாள். பிள்ளை மாடியில் ஊதுபத்தி கொளுத்தி வைத்துக்கொண்டு படித்தது. இப்போது பேட்டி எடுக்க வருகிறவர்களிடமெல்லாம், என் தாயின் நோய்தான் என்னை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தது என்று சொல்லுகிறது. புழு எடுத்தவளைப் பற்றி எந்தப் பேட்டியிலும் ஒரு வரி கிடையாது.

அன்று காலை சத்யபிரியா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அக்கா, மூணு நாளா பாத்துட்டே இருக்கேன். காபி நல்லாருக்குன்னு சொன்னா பதில் இல்ல. அருவிக்கு வாங்கன்னு கூப்பிட்டா பதில் இல்ல. சமைக்கப் பிடிக்கலன்னா வரமாட்டேன்னு சொல்லிருக்கலாம்ல... எங்க ஃப்ரெண்ட்ஸ் முன்னால எங்கள அவமானப்படுத்தணும்னே மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்களா?"

ஆறுமுகநயினாருக்குத் தம்பி பெண்டாட்டி முகம் சுளித்தது தாங்கவில்லை. "ஏட்டி, கேக்காள்லா? வாயத் தொறந்து சொல்லேன். அவ்வளவு திமிரா?"

காரணம் தெரிந்த ஒரே ஆள், அவர்தான் கேட்டார்.

முருகம்மாள் பேசத்தான் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கட்டி நரம்பை அமுக்கிக் குரல் போய் மூன்று மாசம். இந்த வீட்டில் அதற்குத் திமிர் என்று பெயர். தொண்டையை நனைத்துக்கொள்ளத் தண்ணீர் குடித்தாள். புரையேறி, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். சாம் தன் தட்டை ஓரமாக நகர்த்திக்கொண்டார்.

அருவிக்கு எத்தனை மணிக்கு வண்டி எடுக்க என்று கேட்க வந்த துல்கர்னைன் வாசலில் நின்றிருந்தான்.

"சார்," என்றான் விஜய்பாண்டியிடம், "அக்காவுக்குச் சத்தம் போயி மூணு மாசம் ஆச்சாம். கழுத்தப் பாருங்க. மார்க்கெட்ல காய்க்காரன்லாம் கேக்கான், என்னக்கா இப்படி வீங்கிருக்குன்னு. இங்கன யாருமே கேக்கலியா?"

விஜய்பாண்டி பார்த்தார். அப்போதுதான் பார்த்தார். எழுந்து வந்து, தொழில் பழக்கத்தில் அவள் முதுகுப் பக்கம் நின்று கழுத்தில் விரல் வைத்தார். முருகம்மாள் அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்து எடுத்துவிட்டாள்.

நாற்காலிகள் நகர்ந்தன. திடீரென்று நான்கு பேரும் டாக்டராகிவிட்டார்கள். எத்தனை நாளாக, வலி உண்டா, எடை குறைந்ததா என்று ஆளுக்கொரு கேள்வி.

"ஏன் மதினி எங்கிட்ட சொல்லல?" விஜய்பாண்டி கேட்டார்.

அவள் சொன்னதைக் கேட்க எல்லாரும் குனிய வேண்டியிருந்தது.

"இந்த வீட்டுல நோயப் பேசக்கூடாதுன்னு சொன்னிய... பேசல."

பைக்குள்ளிருந்து சீட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தாள். திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிச் சீட்டு. ஊசி குத்தி எடுத்த பரிசோதனை முடிவு. திங்கட்கிழமை சேர வேண்டும், வியாழக்கிழமை ஆபரேஷன். நாச்சியார் என்ற சின்ன வயது டாக்டரம்மா அங்கே, கூட்டத்துக்கு நடுவில், ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுத்துக் குடிக்கச் சொல்லி, அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். கட்டியைக் கண்டுகொள்ள மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. உமா மகேஸ்வரி முடிவைப் படித்துவிட்டுத் தலை குனிந்துகொண்டாள்.

விஜய்பாண்டி தரையில் உட்கார்ந்து, மதினி காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று நாள் தாமதம், அவ்வளவுதான். நாளைக்கே மதுரைக்குப் போவோம், தனி ரூம், நானே என் கையால் எடுக்கிறேன் என்றார். சத்யபிரியாவும் அழுதாள். திமிர் என்று நினைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொன்னது உண்மையாகத்தான் இருந்தது. "நான் அப்பமே சொன்னம்லா, தம்பி பாத்துக்கிடுவான்னு," என்றார் ஆறுமுகநயினார். அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முருகம்மாள் காலை விடுவித்துக்கொண்டாள்.

"அறுக்க ஆளு இருக்கு தம்பி. கூட இருக்கத்தான் ஆளு இல்ல."

ஆஸ்பத்திரிச் சீட்டில் அடிவரியைக் காட்டினாள். துணைக்கு ஒருவர் அவசியம்.

"நான் டீன்கிட்ட பேசுதேன் மதினி, நாச்சியார்கிட்டயும்..."

"பேசண்டாம். டாக்டரா வரண்டாம். மருந்துக்கு ஓடணும், மூத்திரப் பைய ஊத்தணும், வெட்டுன துண்ட டப்பால தூக்கிக்கிட்டு லேபுக்குப் போவணும். உங்கம்மைக்கு நான் செஞ்சதுதான். வாரியா?"

"வாரேன்," என்றார்.

வந்தார். சுத்தமாக உதவாத துணை. பெண்கள் வார்டில் ஆண்களுக்கு இடமில்லை என்பதால் வராந்தாவில் தாளை விரித்து உட்கார்ந்தார். அடையாளம் தெரிந்த மாணவன் ஒருவன் நாற்காலி கொண்டுவந்தான். முருகம்மாள் ஜன்னல் வழியாகப் பார்ப்பதைக் கண்டு அதைத் திருப்பி அனுப்பினார். பால் வாங்க ஒரு மணி நேரம் தவறான வரிசையில் நின்றார். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த சீட்டைத் தொலைத்துவிட்டுத் திட்டு வாங்கினார். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்த பெண், "அண்ணாச்சி, பிளாஸ்க்க இப்படியா கழுவுவாவ? உங்க வீட்டுல ஒரு வேலையும் செஞ்சது கிடையாதோ?" என்று பிடுங்கிக் கழுவிக் கொடுத்தாள். இருபது வருஷம் கட்டிகளை எடுத்த மனுஷன், கட்டி உள்ளவளுக்குக் கஞ்சி எங்கே கிடைக்கும் என்று மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தார்.

வியாழக்கிழமை காலை. நகையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். தாலியைக் கைக்குட்டையில் முடிந்து விஜய்பாண்டியிடம் கொடுத்தாள். மூக்குத்தி திருகு இறுகிப் போயிருந்தது. அவர் சோப்பு நுரையைத் தடவி, மெதுவாகத் திருகி எடுத்தார். அந்த ஒரு வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தார்.

குரல் திரும்புமா என்பது கழுத்தைத் திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று நாச்சியார் சொல்லியிருந்தாள். முருகம்மாள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவர்தான் பேசினார்.

"அம்ம கிடந்த ரூமுக்குள்ள நான் ஒரு நாளுகூட வரல மதினி."

"வரலதான்."

"படிப்புன்னு சொன்னேன். படிப்பு இல்ல. அந்த நாத்தத்துக்குப் பயந்துதான்..."

"தெரியும்லே," என்றாள்.

முப்பது வருஷமாகத் தெரியும். அவன் வாயால் வர வேண்டியிருந்தது, வந்துவிட்டது. நரைக்கத் தொடங்கிய அந்தத் தலையில் ஒரு தடவை கையை வைத்து எடுத்தாள். பச்சை உடுப்போடு, செருப்பில்லாமல், நர்ஸுக்குப் பின்னால் நடந்தாள்.

விஜய்பாண்டியும் கூடவே வந்தார். தியேட்டர் வாசலில் சிவப்புக் கோட்டைத் தாண்டிக் கால் தானாக உள்ளே போனது. நர்ஸ் கையை நீட்டித் தடுத்தாள்.

"நீங்க யாரு?"

"நான் டாக்..." என்று தொடங்கி நிறுத்தினார். முருகம்மாள் திரும்பவில்லை. ஆனால் நடையைக் கொஞ்சம் தாமதித்தாள்.

"இவங்களுக்குத் துணைக்கு வந்திருக்கேன்."

"அப்ப வெளிய இருங்க. கூப்பிட்டா வந்து துண்ட வாங்கிக்கிடுங்க."

"சரிம்மா."

முருகம்மாள் உள்ளே போனாள். நர்ஸ் கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள்.