செவித்தோழியின் குரல்

பால் பொங்குவதற்கு முன்பே சிற்றரசு அடுப்பை அணைத்தான். பதினோரு வருட மணவாழ்க்கையில் நடக்காத அதிசயம், இந்த வாரத்தில் நான்காவது முறை. சந்தோஷப்பட வேண்டிய குமுதவல்லிக்கு வயிறு எரிந்தது.

"நன்றி தோழி" என்றான் அவன், அவளைப் பார்த்து அல்ல.

இரண்டு காதுகளிலும் உளுந்து அளவில் உட்கார்ந்திருந்தது செவித்தோழி. கவனச்சிதறல் உள்ளவர்களுக்கென்று வந்த கருவி. வெளி இரைச்சலை வடிகட்டி, மனம் நழுவுகிற நொடியில் காதில் ஒரு சொல் சொல்லும். கொத்தமல்லி வாங்கப் போய் மீன்தொட்டியோடு திரும்பிய மனிதன், பள்ளி வாசலில் மகளை இரண்டு முறை மறந்த மனிதன், இப்போது கொத்தமல்லியோடும் மகளோடும் நேரத்துக்கு வீடு வந்தான்.

"இதையேதான் நானும் தொண்டை கிழியச் சொன்னேன். அப்ப எங்க போச்சு இந்த நன்றி?"

"நீ சொல்லும்போது திட்டும் சேர்ந்து வரும் வல்லி. திட்டு முடியறதுக்குள்ள விஷயம் மறந்துடும்."

உண்மையைத்தான் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் அவன் குளிக்கப் போனபோது அதை எடுத்துத் தன் காதில் வைத்துக் கேட்டாள். "சிற்றரசு, சாவி மேசைமேல இருக்கு" என்று குழைந்தது ஒரு பெண்குரல். பெயரைச் சொல்லி! சந்திரனில் கத்தரிக்காய் விளைகிற காலத்திலும் குமுதவல்லி புருஷன் பெயரைச் சொன்னதில்லை. அம்மா வீட்டு வழக்கம். அவள் வாய்க்குள்ளேயே வைத்திருந்த பெயரை யாரோ ஒருத்தி நாளுக்கு நூறு தடவை கூப்பிடுகிறாள்.

சேலத்துச் சேவை நிலையத்தில் போய் நின்றாள். "குரலை மாத்துங்க."

இன்பசாகரன் என்ற இளைஞன் பதிவைத் தட்டிப் பார்த்தான். "நாற்பது குரல்ல சோதிச்சோம் அக்கா. சார் மூளை ரெண்டுக்குத்தான் படியுது. முதல்ல இந்தக் குரல். ரெண்டாவது, சார் போன்ல இருந்து எடுத்த உங்க குரல்."

இரண்டாவது! பல்லைக் கடித்துக்கொண்டு, "என் குரலையே போடுங்க" என்றாள். படிவத்தில் மடமடவென்று கையெழுத்துப் போட்டு, அரைமணி நேரம் பேசிப் பதிவு செய்துவிட்டு வந்தாள். சிற்றரசும் மறுக்கவில்லை. ஒரு வாரம் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் காதில் இனி வேறொருத்தி இல்லை.

எட்டாம் நாள்தான் உறைத்தது. சாப்பிடக் கூப்பிட்டால் அவன் வருவதில்லை. கருவி சொன்னால் வந்தான். "இப்பல்லாம் நீ திட்டறதே இல்ல வல்லி, கேக்கவே நல்லா இருக்கு" என்றான் முகம் மலர. அன்று காலையில்தான் அவள் வாய் ஓயாமல் திட்டியிருந்தாள்.

மறுபடி சேலம்.

"ரெண்டும் ஒரே குரல் அக்கா. நீங்க பேசறதைத் தன்னோட எதிரொலின்னு நினைச்சு அது அழிச்சிடும். இல்லாட்டி காதுக்குள்ள ஊளையிடும். படிவத்துல பதினேழாம் பக்கம் போட்டிருக்கே, நீங்க கவனிக்கலையா?"

அவள் படிவத்தை வாங்கிப் பதினேழாம் பக்கத்தைப் புரட்டினாள்.

"கழட்டி வைக்கச் சொல்லுங்க. இல்லேன்னா பழைய குரலையே போட்டுடறேன்."

கழற்றினால் பால் பொங்கும், மகள் பள்ளி வாசலில் நிற்பாள். பழைய குரலைப் போட்டால் அந்தக் குரல்காரி மறுபடி வருவாள், பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், நன்றி வாங்குவாள். குமுதவல்லி வெகுநேரம் யோசிக்கவில்லை.

"வேண்டாம். இருக்கறது இருக்கட்டும்."

வீட்டில் சிற்றரசு முதுகைக் காட்டிக்கொண்டு மகளின் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். "என்னங்க" என்றாள். "உங்களைத்தான்" என்றாள். அசையவில்லை. சக்களத்தி தொலைந்தாள் என்று நினைத்திருந்தாள். அவள் இப்போது இவள் குரலிலேயே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள்.

குமுதவல்லி வாசற்படியிலேயே நின்று, வாழ்க்கையில் முதல் முறையாக வாய்விட்டுக் கூப்பிட்டாள்.

"சிற்றரசு!"

அவன் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, துணி தீயாமல் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். காதைத் தொட்டுக்கொண்டு, "சரி வல்லி" என்று சிரித்தான்.